மூன்று பத்துக்கு நல்ல நேரம்

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நவரட்ணம். நாங்கள் மூன்று பேரும் இருக்கிறபடி இருக்கிறோம். உங்கள் முழங்காலைப் பற்றியும் காதைப் பற்றியும் முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இங்கே மைனஸ் பதினாறு. வேர்ஹவுஸில் கதவைத் திறந்து திறந்து மூடுவதால் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான். ட்ரக் ஓடுவதை விட்டு ஏழு வருடமாகியும் என் முதுகு மட்டும் இன்னும் ட்ரக்கை விட்டு இறங்கவில்லை என்று ஜெயமலர் பகிடி பண்ணுகிறாள்.

அவளுக்கு இரத்தம் சுத்தம் செய்கிற மிசின் வீட்டுக்கே வந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதினேன். கிழமைக்கு நாலு நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம். ஊசி போடுவது நிலாணி. ஆஸ்பத்திரியில் எனக்கும் அவளுக்கும் சேர்த்துத்தான் பழக்கினார்கள். நான் குத்தின இரண்டு முறையும் ஜெயமலரின் கை கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கறுத்துப்போனது. "நீங்கள் அங்காலை போய் இருங்கோ, அவள் குத்தட்டும்" என்று சொல்லிவிட்டாள். மிசினில் இருக்கிற நேரம் நிலாணிதான் உங்கள் கடிதங்களைத் தாய்க்கு வாசித்துக் காட்டுகிறவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு திரிந்ததற்கு அந்தளவு பலன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிலாணி மேலே படிக்கப் போகிறாள். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து, மிசின் பொருத்திவிடுகிற படிப்பு. ஓடியோலொஜி என்பார்கள். மகேஸ்வரன் அண்ணையின் தகப்பன் செத்தபிறகு அவருடைய காது மிசினை உங்களுக்கு அனுப்பினேனே, "செருப்பு அனுப்புற மாதிரி அனுப்பினீங்களே அப்பா" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு அவள் தலைக்குள் ஏறியிருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய ரொறன்ரோவில் இந்தப் படிப்பு இல்லை, அக்கா. மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஒன்று இதே மாகாணத்தில் இருக்கிற லண்டன், இரண்டு மணித்தியால ஓட்டம். மற்றது கிழக்குக் கடலோரம், ஹலிபாக்ஸ். மூன்றாவது மேற்குக் கடலோரம், வான்கூவர். அவளுடைய சாதகத்தைச் சாத்திரியாரிடம் ஒருக்கால் காட்டுங்கள். எந்தத் திசை வாய்க்கும் என்று கேளுங்கள். லண்டன் எங்களுக்கு மேற்கு, அதையும் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
நவரட்ணம்

•

உ
சிவமயம்
கோண்டாவில்
03.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் 31ந் திகதி கிடைத்தது. பத்தொன்பது நாள். நான் தபாற்கந்தோரில் இருந்த காலமென்றால் விளக்கம் கேட்டு எழுதியிருப்பேன். முழங்கால் கோயில் வரைக்கும் போகும், திரும்பி வரத்தான் முறைப்பாடு. காது உனக்குத் தெரிந்ததுதான். மகேஸ்வரனின் தகப்பனுடைய மிசின் பூசை நேரத்தில் கூவுகிறது. ஐயர் திரும்பிப் பார்க்கிறார். எனக்குக் கேட்காததால் எனக்கு வெட்கமில்லை.

சாத்திரியாரிடம் போனேன். கிழக்கும் ஆகும், மேற்கும் ஆகும் என்கிறார். மனிசன் எப்போதும் அப்படித்தான். ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார். பிள்ளைக்கு இந்த வருடம் காலம் மட்டமாம். படிப்புக் காரியத்தில் முதல் வேலையைத் தகப்பன் கையால் செய்விக்கட்டாம்.

பக்கத்து வீட்டு லக்சிகா தன் போனைத் தந்து, "உதிலையே எழுதுங்கோ அன்ரி, உடனை போகும்" என்று கரைச்சல் தருகிறாள். அந்தச் சின்னக் கண்ணாடியில் எழுத எனக்குக் கை வராது. உன் கடிதங்களை நான் வருடத்துக்கு ஒரு பிஸ்கற் ரின்னாகப் போட்டு வைத்திருக்கிறேன். ட்ரக் ஓடின காலத்தில் நின்ற நின்ற இடத்திலிருந்தெல்லாம் எழுதுவாய். இப்போது மாதத்துக்கு ஒன்று, அதுவும் பாதி குளிரைப் பற்றி.

ஒன்று கேட்கிறேன். பிள்ளை போனால் ஜெயமலருக்கு ஊசி யார் போடுவது? நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதை எழுதவில்லை.

மூவருக்கும் என் ஆசி.
இராஜேஸ்வரி

•

ரெக்ஸ்டேல்
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயமலரின் இரத்தச் சோதனை போன முறையை விட நல்லது. எனக்கு இருமல், அது மார்கழியில் வந்தது, பங்குனியில்தான் போகும்.

இன்றைக்கு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினோம். இனி உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். சாத்திரியாருக்கு மறக்காமல் சொல்லுங்கள். நாங்கள் வீடு குடிபுகுந்தபோது அவர் குளிர்காலக் கணக்கில் பத்தரை என்று கழித்து, வந்த சனமெல்லாம் வாசலில் நின்று விறைத்தது.

மூன்று இடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது. வான்கூவர் இல்லை. ஹலிபாக்ஸ் கிடைத்திருக்கிறது. லண்டன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காத்திருக்கிற பட்டியலில் போட்டிருக்கிறார்கள். ஹலிபாக்ஸ்காரருக்கு ஏப்ரல் 16, புதன்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு முன்னர் பதில் சொல்ல வேண்டும். கொம்பியூட்டரில் ஒரு பொத்தானை அமத்துவதுதான். அமத்தினால் இடம் அவளுக்கு. அமத்தாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு.

நான் சொன்னேன், "லண்டன்காரர் மே மாசம் கூப்பிடுவினம், பொறுத்துப் பார் பிள்ளை."

"கூப்பிடாட்டி?"

"கூப்பிடுவினம்."

"நீங்கள் அங்கை வேலை செய்யிறீங்களே அப்பா?"

லண்டன் என்றால் வெள்ளி பின்னேரம் நான் போய் ஏற்றிக்கொண்டு வரலாம், திங்கள் விடியக் கொண்டுபோய் விடலாம். இரண்டு நாள் ஊசி அவள் கையால் நடக்கும். ஹலிபாக்ஸ் ஆயிரத்து எண்ணூறு கிலோமீற்றர். பனி இல்லாவிட்டால் பதினெட்டு மணித்தியாலம். படிப்பு முடிய இரண்டு வருடத்துக்கு மேல். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: ஊசி போட ஒருவரும் இல்லை. ஜெயமலர் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வரிசைக் கதிரையில் இருக்க வேண்டும். போன வருடம் அங்கே இரண்டு தரம் மயங்கி விழுந்தவள்.

அவளோ மிசினில் இருந்துகொண்டு, "என்னைச் சாட்டி அவளை மறிக்காதேங்கோ. மறிச்சால் நான் உந்த வயரெல்லாத்தையும் கழட்டிப்போட்டு இருப்பன்" என்கிறாள்.

நான் மறிக்கவில்லை, அக்கா. மறிக்க எனக்கு வாய் வராது. போ என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு நேரம் குறித்துத் தாருங்கள். பழைய வருடத்தின் கடைசியில் ஒன்றும் தொடங்கக் கூடாது என்று நீங்கள்தான் சொல்லுவீர்கள். வருடம் 14ந் திகதி பிறக்கிறது. 15 செவ்வாய். ஆகவே 16. சாத்திரியார் சொன்னபடி என் கையாலேயே அமத்துகிறேன்.

நவரட்ணம்

•

உ
சிவமயம்
கோண்டாவில்
25.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஜெயமலரின் சோதனை நல்லதென்று வாசித்து மனம் ஆறினேன். இந்தக் கடிதம் நாளுக்கு வந்து சேருமோ தெரியாது. ஆகவே லக்சிகாவைக் கொண்டு படமெடுத்து உன் போனுக்கும் அனுப்புகிறேன். தபாலிலும் போடுகிறேன். படத்தை நான் நம்புவதில்லை.

சாத்திரியாரை முன்னால் இருத்தி, ஒன்பதரை, ஒன்பதரை என்று இரண்டு தரம் சொல்லிக் கணக்குப் பார்ப்பித்தேன். 16 புதன், உங்கள் ராகு காலம் மூன்று மணிக்குச் சற்று முன் முடிகிறது. ரொறன்ரோ நேரம் பின்னேரம் மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பது வரை நல்ல நேரம். நீ சொன்ன நாலு மணிக்கும் பத்து நிமிடம் மிச்சம் இருக்கிறது. கிழக்குப் பார்த்து இருந்து அமத்து. முன்னம் அமத்தாதே.

ஜெயமலரின் பாட்டை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. ஆனால் பிள்ளை போகட்டும் தம்பி. எனக்கு இருபத்தெட்டு வயதில் மன்னாருக்குப் பதவி உயர்வோடு மாற்றம் வந்தபோது எங்கள் ஐயா வீட்டுக்கு வந்த அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டவேயில்லை. உனக்கு அது தெரியாது. அவர் செத்த பிறகு அலுமாரியில் எடுத்தேன்.

நல்லபடி முடிந்ததென்று ஒரு வரி எழுதிப் போடு.
இராஜேஸ்வரி

•

ரெக்ஸ்டேல்
01.04.2025

அன்பான மாமி,

நிலாணி எழுதுறன். எனக்கு எழுத்துத் தமிழ் வராது, கதைக்கிற மாதிரியே எழுதுறன், பிழை இருந்தால் சிரியுங்கோ. அம்மா நல்லா இருக்கிறா. அப்பா இருமிக்கொண்டு இருக்கிறார்.

முதல் விசயம். அந்த மிசினைக் கழட்டி வையுங்கோ. அது அந்தத் தாத்தாவின்ர காதுக்கு எண்டு அளவெடுத்துச் செய்தது. உங்கட காதிலை எந்தச் சத்தம் கேக்கேல்லை எண்டு பாத்துத்தான் உங்களுக்குப் பொருத்த வேணும். நான் ஒரு காதுக் கிளினிக்கிலை முன்மேசையிலை ரெண்டு வருசம் வேலை செய்யிறன். எங்கட ஆக்கள் வருவினம், மகன் இல்லாட்டி மருமகள் பக்கத்திலை இருந்து "அவைக்கு எல்லாம் கேக்கும், கவனிக்கிறேல்லை" எண்டுவினம். சோதனைப் பேப்பரைப் பாத்தால் பாதிச் சத்தம் அவைக்கு வந்தே இருக்காது. ஒருத்தரும் நம்பாமல் எத்தினை வருசம் இருந்திருப்பினம். அதைப் பாத்துத்தான் எனக்கு இந்தப் படிப்பு வேணும் எண்டு வந்தது. உங்களாலையும்தான்.

ஹலிபாக்ஸிலை வீடியோவிலை இன்டர்வியூ வைச்சவை. அந்த ரீச்சர் கடைசியாக் கேட்டா, இங்கை வந்தால் ஆரை விட்டிட்டு வருவாய் எண்டு. அம்மாவைச் சொன்னன். அதுக்குப் பிறகும் இடம் தந்திட்டினம்.

அவையின்ர ஈமெயிலைப் பிரின்ற் எடுத்து, முக்கியமான இடத்துக்கு மஞ்சள் கோடு போட்டு ஃபிறிட்ஜிலை ஒட்டியிருக்கிறன். அப்பா ஒவ்வொரு நாளும் பால் எடுக்கேக்கை வாசிக்கிறார். அப்பாவுக்குத் தோடம்பழத்திலை ஊசி குத்தப் பழக்கிறன். தோடம்பழத்திலை நல்லாக் குத்துறார். அம்மாவின்ர கையைக் கண்டால் ஊசியை என்னட்டைத் தந்திடுறார்.

உங்கட நேரம் படத்திலை வந்தது. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அழுதிட்டு, "போ மகள்" எண்டா.

அன்புடன்
நிலாணி

•

ரெக்ஸ்டேல்
27.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயமலர் நலம் என்றுதான் எழுத வேண்டும். எப்படி எழுதுவதென்று தெரியாமல் பதினொரு நாள் போய்விட்டது.

இடம் கிடைக்கவில்லை.

நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் செய்தோம். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டேன். முழுகி, விபூதி பூசி, கிழக்குப் பார்த்து லப்ரொப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நிலாணி தாயை மிசினில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். மூன்று பத்துக்கு அமத்தினேன். பொத்தான் இருந்த இடத்தில் வேறொரு வசனம் வந்தது. நேரம் முடிந்துவிட்டதாம். அங்கத்தை நேரம் எங்களை விட ஒரு மணித்தியாலம் முந்தியாம். அவர்களுடைய நாலு மணி எங்களுக்கு மூன்று மணியாம்.

நிலாணி போன் எடுத்துக் கதைத்தாள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம், அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டதென்று. போனை வைத்துவிட்டு, "சரி அப்பா" என்றாள். நேரத்துக்குத் தாயின் ஊசியைக் கழற்றினாள், கட்டுப் போட்டாள், சோறு போட்டுத் தந்தாள். எனக்குச் சாப்பிட முடியவில்லை. ஜெயமலர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

லண்டன்காரர் கூப்பிடலாம் என்று இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பாருங்கள்.

நவரட்ணம்

•

உ
சிவமயம்
கோண்டாவில்
16.05.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இரவு முழுக்க வாசித்தேன்.

பத்து நிமிடம், தம்பி. முன்னம் அமத்தாதே என்று நான் எழுதினேன். அந்த வரியை நான் எழுதியிருக்காவிட்டால் நீ ராகு காலம் முடிந்த கையோடு அமத்தியிருப்பாய், பிள்ளை இப்போது உடுப்பு அடுக்கிக்கொண்டு இருப்பாள். முப்பத்தொரு வருடம் தந்திக்கும் தபாலுக்கும் நேரம் போட்ட கை இது. எந்த ஊர் நேரம் என்று ஒரு சொல் கேட்க எனக்குத் தோன்றவில்லையே. சாத்திரியாரை ஏசிவிட்டு வந்தேன். அவர் பாவம், கேட்டதற்குத்தானே சொன்னார். கேட்டது நான்.

பஞ்சாங்கத்தைக் கட்டி மேலே போட்டுவிட்டேன். லக்சிகாவுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறது, நாள் பார்த்துத் தரச்சொல்லித் தாய் வந்தாள். எனக்குக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இனிப் புதன்கிழமைகளில் ஒரு நேரம்தான் சாப்பிடுவேன். பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்கிறவரை அப்படித்தான்.

ஐயா என் கடிதத்தை ஒளித்தார். நான் அவர் பேத்தியின் இடத்தை நேரம் குறித்தே கெடுத்தேன். பிள்ளைக்கு எழுத எனக்கு முகமில்லை. என்னை மன்னிக்கச் சொல்லு.

இராஜேஸ்வரி

•

ரெக்ஸ்டேல்
22.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இங்கே வெக்கை தொடங்கிவிட்டது. வேர்ஹவுஸில் இப்போது மற்ற முறைப்பாடு.

நீங்கள் ஏன் உங்களைத் தின்கிறீர்கள்? உங்கள் பிழை ஒன்றும் இல்லை. சாப்பிடுங்கள். சர்க்கரை இருக்கிற உடம்போடு ஒரு நேரம் சாப்பிட்டுக்கொண்டு கிடந்து விழுந்தால் அங்கே யார் இருக்கிறார்கள். லக்சிகாவுக்கு நாள் பார்த்துக் குடுங்கள்.

லண்டன்காரர் இல்லை என்று எழுதிவிட்டார்கள். நிலாணி கிளினிக்கில் முழுநாள் வேலை எடுத்துவிட்டாள். விடிய ஊசி, பிறகு பஸ், பின்னேரம் வந்து சமையல். சிரிக்கிறாள், கதைக்கிறாள். என்னோடும் நல்லபடிதான். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் நின்றாள், நான் காரில் போனேன். கண்ணாடியை இறக்கிக் கூப்பிடுவோம் என்று பார்த்தால் அழுதுகொண்டு நிற்கிறாள். நான் கூப்பிடவில்லை. அடுத்த வீதியால் திருப்பிக்கொண்டு போனேன்.

இன்னும் ஒன்று எழுத வந்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது.

நவரட்ணம்

•

உ
சிவமயம்
கோண்டாவில்
05.08.2025

தம்பி,

முழங்கால் அப்படியே. ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

உன் கடைசிக் கடிதத்தில் கையெழுத்துக்கு மேலே இரண்டு வரி எழுதி வெட்டியிருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. நீ ஒருநாளும் வெட்டி எழுதுகிறவன் இல்லை. வருத்தம் ஏதும் ஒளிக்கிறாயா? ஜெயமலருக்கு ஏதுமா? எனக்குச் சொன்னால் நான் என்ன செய்துவிடப் போகிறேன். சொல்லாவிட்டால் கெட்டதையெல்லாம் நினைக்கிறேன்.

இராஜேஸ்வரி

•

கோண்டாவில்
10.09.2025

தம்பி,

ஜெயமலருக்கும் பிள்ளைக்கும் என் அன்பு. இந்த முதல் பக்கம் எல்லோருக்கும். லக்சிகாவின் கலியாணத்துக்கு வேறு ஆளிடம் நாள் பார்த்தார்கள். மழை வந்து பந்தல் சரிந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. இதோடு வருகிற பக்கத்தை நீ மட்டும் வாசி.

*

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. அதனால் பழையதுகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு வேறு யார் கதைக்கிறார்கள். போன கிழமை 2008ஆம் ஆண்டு ரின்னைத் திறந்தேன். அதில் ஒரு கடிதம். மேல் மூலையில் என் கையால், கிடைத்தது 4.11.2008 என்று போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

"ஹலிபாக்ஸில் சாமான் இறக்கக் காத்து நிற்கிறேன். இது இந்த வருடம் ஒன்பதாவது ஓட்டம். கியூபெக் எல்லை தாண்டினவுடன் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டும் அக்கா, ரொறன்ரோவில் மூன்று என்றால் இங்கே நாலு. முதல்முறை அது தெரியாமல் பிந்தி வந்து, கேற் பூட்டி, விடியும்வரை ட்ரக்குக்குள் கிடந்தேன். அதற்குப் பிறகு செத்தாலும் மறக்கமாட்டேன்."

செத்தாலும் மறக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சித்திரை மாதத்தில் 'முந்தியாம்' என்று எழுதுகிறாய், யாரோ உனக்குச் சொல்லித் தந்த மாதிரி.

எனக்குக் கோபம் தம்பி. நீ செய்ததற்கு மட்டுமில்லை. நான்தான் கெடுத்தேன் என்று எழுதினேனே, அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தாயே. பதினேழு புதன்கிழமை. ஐயாவாவது கடிதத்தைத்தான் ஒளித்தார். நீ என் கையைப் பிடித்துச் செய்வித்திருக்கிறாய்.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன், ஏசவும் முடியவில்லை. ஜெயமலர் அந்தக் கதிரையில் மயங்கிக் கிடக்க நீ பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதை நான் அன்றைக்குச் சரியாக வாசிக்கவில்லை.

இதைப் பிள்ளையின் கண்ணில் காட்டாதே. ஒரு பதில் எழுது. வெட்டாமல் எழுது.

அக்கா

•

ரெக்ஸ்டேல்
09.11.2025

அன்பான மாமி,

நீங்கள் சுகமோ? இங்கை தபால்காரர் ஸ்ரைக் செய்ததாலை உங்கட கடிதம் போன கிழமைதான் வந்தது. அப்பா வேலையிலை. உங்கட கடிதம் எப்பவும் நான்தான் உடைக்கிறனான், பழக்கத்திலை உடைச்சிட்டன். தனிப் பக்கத்தை வாசிச்ச பிறகுதான் தனிப் பக்கம் எண்டு விளங்கினது. மன்னியுங்கோ.

அப்பாவை ஏசாதேங்கோ மாமி. ஏசுறதெண்டால் என்னையும் சேர்த்து ஏசுங்கோ.

அந்த ஈமெயில் ஒரு மாசத்துக்கு மேலை ஃபிறிட்ஜிலை இருந்தது. நாலு மணி எண்டதுக்குப் பக்கத்திலை எந்த ஊர் நேரம் எண்டும் இருந்தது. மஞ்சள் கோடு போட்டது நான். உங்கட நேரம் மூண்டு பத்து எண்டு வந்தபோதே எனக்குத் தெரியும் பிந்தும் எண்டு. அப்பா சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். அப்பா, நான் சொல்லுவன் எண்டு பாத்திருப்பார்.

அண்டைக்கு ரெண்டு மணிக்கு அம்மாவை மிசினிலை போட்டன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டுக்கொண்டு இருந்தா. சுவர் மணிக்கூடு எனக்கு நேரை. மூண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கை அப்பா தலையை நிமித்தி என்னைப் பாத்தார். கேக்கிறார் எண்டு எனக்கு விளங்கினது. இப்ப அமத்துங்கோ எண்டு ரெண்டு சொல்லுச் சொல்லியிருக்கலாம். லப்ரொப்பை வாங்கி நானே அமத்தியிருக்கலாம். நான் அம்மாவின்ர கையிலை பிளாஸ்ரர் சரியா ஒட்டியிருக்கோ எண்டு பாக்கத் தொடங்கினன். அது சரியாத்தான் இருந்தது. பாத்துக்கொண்டே இருந்தன். மணி மூண்டாச்சு. அப்பா மூச்சு விட்டது கேட்டது. நானும் விட்டன்.

மூண்டு பத்துக்கு அப்பா அமத்தினார். ரெண்டு பேரும் ஆச்சரியப்பட்டம்.

அதுக்காக எனக்குப் படிக்க விருப்பமில்லை எண்டு நினைக்காதேங்கோ. நல்ல விருப்பம் மாமி. கிளினிக்கிலை சோதனை அறைக் கதவு மூடுப்படேக்கை எனக்கு நெஞ்சு எரியும். அம்மாவுக்கு நான் ஊசி குத்தேக்கை நோகாது, அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டும் தெரிஞ்சுகொண்டு என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் அங்கை சாப்பிடாமல் கிடந்ததைக்கூட நான்தான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். ரெண்டு முறை உங்களுக்கு எழுதத் தொடங்கிக் கிழிச்சுப்போட்டன். அதுக்கு எனக்கு மன்னிப்பு வேணும்.

உங்கட இந்தக் கடிதத்தையும் அம்மா வாசிக்கச் சொன்னா. முதல் பக்கத்தை மட்டும் வாசிச்சன். "அவ்வளவோ?" எண்டு கேட்டா. "ஓம் அம்மா, அவ்வளவுதான்" எண்டன். பந்தல் சரிஞ்சதுக்குச் சிரிச்சா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்சால் சொன்ன மாதிரி வயரைக் கழட்டிப்போடுவா.

தனிப் பக்கத்தை அப்பாவின்ர ஜக்கற் பொக்கற்றுக்குள்ளை வைச்சன். மூண்டாம் நாள் அப்பா குசினிக்குள்ளை வந்து, "தோடம்பழம் இருக்கே பிள்ளை?" எண்டு கேட்டார். மூண்டு பழம் எடுத்துக் குடுத்தன். மேசையிலை இருந்து ஒரு மணித்தியாலம் குத்தினார். பிறகு அம்மாவின்ர கதவடியிலை போய் நிண்டிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். உங்களுக்கு எழுதப்போறன் எண்டு பேப்பர் வாங்கி வந்திருக்கிறார். நாலு நாளாய் மேசையிலை வெறுமையாக் கிடக்குது.

அடுத்த வருசத்துக்குத் திரும்பப் போடலாம். கிடைச்சால் திரும்ப ஒரு திகதி வரும், திரும்ப ஒரு பொத்தான் வரும். பஞ்சாங்கத்தை இறக்குங்கோ மாமி. கடைசி நாளிலை மட்டும் நேரம் குறிக்காதேங்கோ. அப்பா கையாலை வேண்டாம். என்ர கையாலையும் வேண்டாம். ஆரின்ர கையாலை எண்டு சாத்திரியாரைக் கேட்டு எழுதுங்கோ.

புதன்கிழமைகளிலை இனிச் சாப்பிடுங்கோ.

நிலாணி